கொடுமுடி முதல் பழனி வரை ஒரே கோடு: நெடுந்தூர நடைவழியின் ஜிபிஎஸ் தரவை ஒழுங்குபடுத்த முழு வழிகாட்டி

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடப்பது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். தார்ச்சாலையில் போகிறவர்களே அதிகம். எங்கள் குழு சில வருஷமாகச் சாலையை விட்டு இறங்கி, முடிந்த இடத்திலெல்லாம் இட்டேரியிலும் (தோட்டங்களுக்கு நடுவே வேலிக்குள் ஓடும் வழி) மண்தடத்திலும் வாய்க்கால் கரையிலும் நடக்கிறது. லாரி வெளிச்சம் கண்ணில் அடிக்காது, பாதமும் கொப்புளிக்காது. ஆனால் சாலையில் மைல்கல் இருக்கிறது. இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலிதான், எந்த ஊர் இட்டேரியும் பார்க்க ஒரே மாதிரி. அதனால் ஆளாளுக்குப் போனில் வழியைப் பதிவு செய்ய ஆரம்பித்தோம்.

இரண்டாம் வருஷம் எட்டுப் பேருடைய கோப்புகளையும் ஒரே திரையில் போட்டுப் பார்த்தேன். கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தது. ஒரே கைபம்புக்கு மூன்று இடம், நான்கு பெயர். முத்தூரிலிருந்து வெள்ளகோவிலுக்கு ஒவ்வொரு போனும் ஒவ்வொரு தூரம் சொன்னது. ஒருவர் கோடு நொய்யலைப் பாலமே இல்லாத இடத்தில் தாண்டியது. போனைத்தான் எல்லோரும் திட்டினோம். பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததில் போன்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. எதை, எங்கே, எப்படிக் குறிப்பது என்று நாங்கள்தான் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அதைப் பேசி முடிவு செய்வதுதான் இந்த வழிகாட்டி முழுக்க. கொடுமுடி வழியை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். சென்னிமலை, சிவன்மலை, அவினாசி என்று எந்த ஊருக்கு நடக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு தாள், அப்புறம்தான் போன்

நடக்கக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். அதில் முதல் வரி: திசை எது? எங்கள் கோடு எப்போதும் கொடுமுடியில் தொடங்கிப் பழனி அடிவாரத்தில் முடியும். திரும்பி வரும்போது யாராவது பதிவு செய்தாலும், கோப்பைத் திருப்பிப் போட்டுத்தான் சேர்ப்போம். "இடது பக்கம் கைபம்பு" என்று எழுதினால் யாருக்கு இடது என்ற சண்டை அதோடு ஒழிந்தது.

இரண்டாவது, கோடுகளுக்கு வகை. தலைக்கோடு ஒன்றே ஒன்று, நடுவில் அறுபடாமல். மழை நாளில் தரைப்பாலம் மூழ்கினால் சுற்றிப் போகும் வழி மாற்றுக்கோடு. தங்கும் மடத்துக்கோ கடைக்கோ பிரிந்து போய்த் திரும்பி வரும் துண்டு கிளைக்கோடு. இந்த மூன்றும் தனித்தனிக் கோப்பில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் இழுத்தால் சாப்பிடப் போன தூரமெல்லாம் வழியின் நீளத்தில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, தடத்தின் தன்மை. நாங்கள் ஐந்தே சொற்கள் வைத்திருக்கிறோம்: தார்ச்சாலை, மண்தடம், இட்டேரி, வாய்க்கால் கரை, கொடித்தடம் (ஒற்றையடிப் பாதை). ஆறாவது சொல்லுக்கு ஆசைப்படாதீர்கள். ஒருவர் "கரடுமுரடான மண்தடம்" என்று எழுத ஆரம்பித்தால் அடுத்தவர் "ஓரளவு கரடுமுரடான" என்பார்.

நிலம் யாருடையது என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இட்டேரி எல்லாம் பொதுவழி என்று நினைப்போம். சில இடத்தில் பட்டா நிலத்துக்குள் பழக்கத்தில் விடப்பட்ட தடமாக இருக்கும். வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் வண்டிப்பாதை என்று காட்டியிருந்தால் கவலை இல்லை. காட்டாத இடத்தில் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கோட்டைப் பொதுவில் விட வேண்டும். எங்களை ஒரு பெரியவர் நிறுத்தி, "ஏனுங்க தம்பி, நீங்க நாலு பேரு போறது சரிங்க. போன்ல போட்டுட்டீங்கன்னா நாளைக்கு நானூறு பேரு வருவாங்களே, கடலைக் காடு என்னாகறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்தத் துண்டை எடுத்துவிட்டோம், 2 கிலோமீட்டர் கூடியது. காப்புக்காட்டுக்குள் போகும் வழியாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் பதிவும் வேண்டாம், பகிர்வும் வேண்டாம்.

போனைத் தயார் செய்வது

வானம் திறந்த இடத்தில் சாதாரணப் போனின் பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையையும் வாங்கும் போன் என்றால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும். புளியமரச் சாலையிலும், ஊருக்குள் மாடி வீடுகளுக்கு நடுவிலும் பிழை கூடும். நடைவழிக்கு 5 மீட்டர் தாராளம், இட்டேரியின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே விலை உயர்ந்த கருவி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அமைப்பில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பதிவு இடைவெளி எல்லோருக்கும் ஒன்றாக, 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று இருக்கட்டும். நொடிக்கு ஒரு புள்ளி வைத்தால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அரைமணியும் நூல்கண்டு சிக்கிய மாதிரி கோடாக விழும். நிமிஷத்துக்கு ஒன்று வைத்தால் திருப்பங்களை வெட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகும். செயலிக்குப் பேட்டரிச் சிக்கனத்திலிருந்து விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் தானாகவே பதிவை நிறுத்திவிடும். அது பொழுது விடிந்தபின்தான் தெரியவரும். போன் பேன்ட் பையில் இருக்க வேண்டாம், தோள்பையின் மேல் அறையில் இருக்கட்டும்.

ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் ஜிபிஎக்ஸ் கோப்பாகவே பதிவு செய்யும். ஜிபிஎக்ஸ் 1.1 என்பது ஜிபிஎஸ் தடத்தைப் பரிமாற 2004-இலிருந்து இருக்கிற பொது வடிவம், வழி காட்டும் செயலியும் கருவியும் பெரும்பாலும் படிக்கும். செயலி எதுவானாலும் இருக்கட்டும், கைக்கு வருவது ஜிபிஎக்ஸ் ஆக இருந்தால் போதும்.

கச்சாக் கோப்பைத் தொடாதே

நடந்து முடித்த அன்றே கோப்பை வாங்கிவிடுங்கள். "ஊருக்குப் போய் அனுப்பறேங்க" என்பவரின் கோப்பு வந்து சேர்ந்ததாக எங்கள் குழுவில் சரித்திரமே இல்லை. வாங்கியதை "கச்சா" என்று ஒரு அடைவில் (ஃபோல்டரில்) போட்டுப் பூட்டிவிட வேண்டும். திருத்தம் எல்லாம் நகலில்தான். பிறகு ஒரு நாள் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

கோப்புப் பெயருக்கு ஒரு வடிவம்: ஆண்டு, மாதம், தேதி, பகுதி எண், பதிவு செய்தவரின் முதலெழுத்து. 2025-04-09 என்று ஆண்டை முன்னால் வைத்தால் அடைவில் தானாகவே வரிசையாக நிற்கும். 9-4 என்று எழுதினால் ஏப்ரல் ஒன்பதா செப்டம்பர் நான்கா என்று ஒரு நாள் யோசிக்க வேண்டி வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிஷம் கூடுதல். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடக்க நாம் கிளம்புவது விடிகாலை 4 மணிக்கு. கோப்புக்குள் அது முந்தைய நாள் இரவு 10.30. தேதியை வைத்துத் தானாகப் பிரிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டினேன். ஒவ்வொரு நாளின் நடையும் இரண்டாக வெட்டுப்பட்டு, முதல் ஒன்றரை மணி நேரம் முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. கோப்புக்குள் இருக்கும் நேரத்தை மாற்ற வேண்டாம். பிரிக்கும்போதும் பெயர் வைக்கும்போதும் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

பாகை, கலை, தசமம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், பெரிய தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

பழனியின் அட்சரேகை 10.45 என்று எழுதலாம். அதையே 10 பாகை (டிகிரி) 27 கலை (மினிட்) என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றே, ஒரு பாகைக்கு 60 கலை. எங்கள் குழுவில் ஒருவர் பழைய கைக்கருவியில் பார்த்து நோட்டில் "10.27, 77.31" என்று எழுதிக் கொடுத்தார். 10 பாகை 27 கலை, 77 பாகை 31 கலை என்பதை அவர் அப்படிச் சுருக்கினார். நானும் யோசிக்காமல் பட்டியலில் ஏற்றினேன். அடிவாரத்து மண்டபம் 30 கிலோமீட்டர் தள்ளி மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அவ்வளவு தூரம் தள்ளிப் போனதால் கண்ணில் பட்டது. கலையின் எண்ணிக்கை சின்னதாக இருந்து 2 கிலோமீட்டர் மட்டும் தள்ளியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

விதி இது: தசமப் பாகை மட்டுமே, புள்ளிக்குப் பின் 5 இலக்கம். ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ 1.1 மீட்டர். போனின் பிழையே 5 மீட்டர் இருக்கும்போது எட்டு இலக்கம் எழுதுவது வீண் பெருமை.

அடுத்து வரிசை. ஜிபிஎக்ஸ் கோப்பில் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் தனித்தனிப் பெயர் ஒட்டியிருப்பதால் குழப்பம் வராது. கேஎம்எல், ஜியோஜேசன் என்ற மற்ற இரண்டு வரைபடக் கோப்பு வடிவங்களிலும் தீர்க்கரேகைதான் முதலில். நாம் வாயால் சொல்வதோ அட்சரேகையை முதலில். மாற்றிப் போட்டால் பழனி ஆண்டவர் வடதுருவக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுக்குப் பக்கத்தில் காட்சி கொடுப்பார். திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆதாரம், அதாவது பாகைகளை எந்தப் புவி வடிவக் கணக்கில் அளக்கிறோம் என்பது, டபிள்யூஜிஎஸ் 84 என்று தாளில் எழுதிவையுங்கள். போன்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள் வரைபடங்கள் எவரெஸ்ட் ஆதாரத்தில் அமைந்தவை, அதிலிருந்து புள்ளியை நேராக எடுத்தால் இடம் தள்ளும்.

மீட்டரில் அளக்கவும் கோட்டைச் சுத்தம் செய்யவும், பாகைக்குப் பதில் மீட்டரில் இடத்தைச் சொல்லும் யூடிஎம் முறைக்கு மாற்ற வேண்டும். கொங்கு நாட்டுக்கு இங்கே ஒரு தனித் தலைவலி. யூடிஎம் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் 78 பாகை தீர்க்கரேகையில் பிரிகின்றன. அந்தக் கோடு கொங்கு நாட்டின் ஊடாகவே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம் எல்லாம் 43. கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் 44. (1802-இல் சென்னையில் நில அளவை தொடங்கிய ஆங்கிலேயர் லாம்டன் குமரிமுனை வரை கொண்டுபோன, பெருவில் என்ற அளவைக் கோடும் ஏறத்தாழ இதே 78 பாகையை ஒட்டித்தான் போனது. நம் ஊர்க் கரடுகளில் ஏறி நிற்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வரும்.) கரூரிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த நண்பர் தன் கோப்பை 44-இல் மாற்றி அனுப்பினார். கொடுமுடியின் கிழக்கு எண் (கிழக்கு நோக்கி எத்தனை மீட்டர் என்பது) எங்கள் கோப்பில் 8 லட்சத்துக்கு மேல், அவருடையதில் 1 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம். கொடுமுடியும் பழனியும் 78-க்கு மேற்கே இருப்பதால் எங்கள் விதி 43 வடக்கு. நாமக்கல்லிலிருந்து தொடங்கும் வழியாக இருந்தாலும் ஒரே மண்டலத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது.

கோட்டைச் சுத்தம் செய்தல்

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இந்த வேலை முழுவதையும் அதிலேயே செய்யலாம். முதலில் வேகத்தைப் பாருங்கள். நடப்பவர் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார். 10-க்கு மேல் காட்டும் புள்ளிகள் ஒன்று ஜிபிஎஸ் துள்ளல், இல்லையென்றால் மொபெட்டில் லிப்ட். ஒரு மச்சானின் கோப்பில் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு வேகம் 35. "கால்ல முள்ளு குத்திருச்சுங்க மாப்பிள்ளை" என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். அந்தத் துண்டு சாலை வழி, நம் தடமே கிடையாது. வெட்டி எறிய வேண்டும்.

அடுத்து நின்ற இடங்கள். சிக்குப்போல் விழுந்திருக்கும் புள்ளிக் கூட்டத்தை ஒற்றைப் புள்ளியாக்குங்கள். தூரக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நின்றுகொண்டே இருந்தாலும் புள்ளி அங்குமிங்கும் ஆடும், ஒவ்வொரு ஆட்டமும் நீளத்தைக் கூட்டும். ஆடிய தூரம் தானாகக் கழிவதில்லை.

பிறகு பல கோடுகளிலிருந்து ஒன்றைப் பிடிப்பது. எட்டுக் கோட்டுக்கும் சராசரி எடுத்தால் நடுக்கோடு வரும் என்று தோன்றும். நான் செய்து பார்த்தேன், வேண்டாம். ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் நடந்திருந்தால் சராசரி வேலிக்கு மேல் விழும். அதைவிட, ஒவ்வொரு பகுதிக்கும் நன்றாக விழுந்திருக்கும் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ஏழையும் பின்னால் மங்கலாகப் போட்டு, ஒதுங்கிப் போன இடத்தில் மட்டும் கையால் திருத்துங்கள். செயற்கைக்கோள் படமும் துணைக்கு உண்டு. ஆனால் படமே சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். உங்கள் எட்டுக் கோடும் ஒரே பக்கமாக வழியை விட்டு விலகியிருந்தால் தவறு படத்தில்தான்.

கடைசியில் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். 5 மீட்டருக்கு ஒன்று என்றால் 100 கிலோமீட்டருக்கு 20 ஆயிரம் புள்ளி. சில பழைய கைக்கருவிகள் 500 புள்ளிக்கு மேல் வாங்காது, மிச்சத்தைச் சொல்லாமல் வெட்டிவிடும். டக்ளஸ்-பாய்க்கர் முறையில் 3 மீட்டர் விலகல் வைத்தால், நேரான தடத்தில் புள்ளிகள் குறைந்து வளைவில் அப்படியே நிற்கும். இதை யூடிஎம்மில் வைத்துத்தான் செய்ய வேண்டும். பாகையில் இருக்கும் கோப்புக்கு "3" என்று கொடுத்தால் அது 3 பாகை, அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல். எனக்கு நான்கு நாள் நடை முழுவதும் ஒரே நொடியில் கொடுமுடிக்கும் பழனிக்கும் நடுவே நேர்கோடாகிப்போனது, 80 கிலோமீட்டர், இரண்டே புள்ளி. நகலில் செய்ததால் பிழைத்தேன்.

ஆற்றைக் கடக்கும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் வழியில் நொய்யலும் அமராவதியும் பெரியவை. கோடு பாலத்தின் மேலேயே போக வேண்டும். பத்து மீட்டர் தள்ளி ஆற்றுக்குள் போனால், இருட்டில் திரையை நம்பி வருகிறவர் கரையில் நின்று முழிப்பார். பாலத்தின் இரு முனையிலும் கையால் ஒரு புள்ளி வைத்து, அதைக் குறைக்கும் வேலைக்கு உட்படாமல் ஒதுக்கிவிடுங்கள்.

உயரம்: சுருக்கமாக

நம் வழி கிட்டத்தட்டச் சமவெளி, உயரத்துக்கு மெனக்கெட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் அளப்பது கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து உயரம். நாம் சொல்வது கடல் மட்டத்திலிருந்து உயரம். இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்து கடல்பரப்பே நூறு மீட்டருக்கு மேல் பள்ளமாக இருக்கிறது, அதன் விளிம்பில்தான் நாமும் இருக்கிறோம். அதனால் நம் பக்கம் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். 411 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையைச் சில செயலிகள் 320 என்று காட்டுவது இதனால்தான். சில செயலிகள் திருத்திக் காட்டும், சில திருத்தாது. இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டினால் வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் தொண்ணூறு மீட்டர் செங்குத்துப் பாறை முளைக்கும். பதிவான உயரத்தை மொத்தமாகத் தூக்கிவிட்டு, எஸ்ஆர்டிஎம் போன்ற ஒரே உயரத் தரவிலிருந்து எல்லாப் புள்ளிக்கும் நிரப்பிவிடுங்கள்.

இடப்புள்ளிகள்: உண்மையில் உயிர் இங்கேதான்

கோடு இருபது மீட்டர் தள்ளியிருந்தாலும் மனிதர் நடந்துவிடுவார். தண்ணீர் இருக்கும் என்று போட்ட இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் பங்குனி வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளகோவிலிலிருந்து தாராபுரம் வரை மழை மறைவுப் பூமி. கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்) வெள்வேல மரமும் காற்றாலையும் தவிர நிழலுக்கு ஒதுங்கக்கூட இடம் தேட வேண்டும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் நாங்கள் வைத்திருக்கும் கட்டங்கள்: எண், வகை, பெயர், நிலை, பருவம், பார்த்த தேதி, குறிப்பு. இதில் வகை ஏழுதான்: நீர், தங்கல், கடை, திருப்பம், கடவு (கடக்கும் இடம்), மருத்துவம், எச்சரிக்கை. தோட்டத்து நாய்க்கு எச்சரிக்கை போடலாமா என்று அரைநாள் விவாதம் நடந்தது. நாய் இடம் மாறும், வகையில் சேர்க்க வேண்டாம், குறிப்பில் எழுதலாம் என்று தீர்ந்தது.

எண்ணைப் பற்றிக் கவனம். முதலில் நாங்கள் கிலோமீட்டரையே எண்ணாக வைத்தோம், "கிமீ 31 கைபம்பு" என்று. அந்தக் கடலைக்காட்டுத் துண்டை எடுத்துவிட்டதும் பின்னால் இருந்த எல்லாம் 2 கிலோமீட்டர் நகர்ந்து, பழைய அச்சுத்தாள் அத்தனையும் வீணாயிற்று. இப்போது புள்ளிக்கு நிரந்தர எண்: 1010, 1020, 1030 என்று பத்துப் பத்தாக. நடுவில் புதிய குழாய் வந்தால் 1025. கிலோமீட்டர் தனிக் கட்டம், ஒவ்வொரு வெளியீட்டிலும் தலைக்கோட்டிலிருந்து கணக்கிட்டு நிரப்புவது. எண்ணை 05-12 என்ற வடிவத்தில் வைக்காதீர்கள். எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும்.

புள்ளியை எங்கே நிறுத்துவது? குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு நிமிஷம் நின்று, எண் நிலைப்பட்ட பிறகு. அது தலைக்கோட்டை விட்டு 50 மீட்டருக்கு மேல் உள்ளே இருந்தால், பிரியும் இடத்தில் ஒரு "திருப்பம்" புள்ளியும் வேண்டும். முன்பு ஒருவர் குழாயிலும் ஒருவர் சாலை முனையிலும் குறித்ததால்தான் ஒரே பம்பு மூன்றாகத் தெரிந்தது.

ஒரு புள்ளியை அப்படியே காட்டுகிறேன். எண் 1140. வகை நீர். பெயர் "நீர் கைபம்பு வேப்பமரம்". நிலை "உண்டு". பருவம் "எப்போதும்". பார்த்த தேதி 2025-04-09. குறிப்பு: "தடத்துக்கு இடது, 15 மீட்டர். பத்துத் தடவை அடித்தால்தான் ஏறும். சப்பைத் தண்ணீர், குடிக்கலாம்." பெயரில் வகையை முன்னால் வைத்ததற்குக் காரணம், திரையில் முதல் சில எழுத்துதான் தெரியும். நிலைக்கு நான்கு சொற்களே: உண்டு, கேட்டால் கிடைக்கும், பருவத்தில் மட்டும், இல்லை. தண்ணீர்ப் பந்தலுக்கும் மோர்ப் பந்தலுக்கும் இதில் மூன்றாவது நிலை. தைப்பூசத்திலும் பங்குனியிலும் வழி நெடுக இருக்கும், ஆடியில் வந்தால் கொட்டகைக் கால்கூட இருக்காது. வாய்க்காலை நீர் என்று போட வேண்டாம். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட) வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடுவது, நாம் போகும் நாளில் காய்ந்து கிடக்கலாம்.

வீட்டுக்காரர் அன்பாகத் தண்ணீர் கொடுத்தார் என்பதற்காக அவர் பெயரையும் போன் எண்ணையும் புள்ளியில் ஏற்றுவது தவறு. "கேட்டால் கிடைக்கும்" போதும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

தமிழ் எழுத்தும் ஊர்ப்பெயரும்

காங்கேயமா காங்கயமா? வெள்ளகோவிலா வெள்ளக்கோவிலா? அவினாசியா அவிநாசியா? எது சரி என்ற வழக்கை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து, பக்கத்தில் மற்ற வடிவங்கள். புள்ளிப் பெயரில் முதல் வடிவம் மட்டும் வரட்டும். தேடும்போது மற்றதும் கிடைக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குழப்பமும் உண்டு. "கொடுமுடி" என்று திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறாக இருக்கலாம். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். எங்கள் பட்டியலில் கொடுமுடி இரண்டு ஊராகப் பிரிந்து நின்றதற்குக் காரணம் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவுக்கு மாற்றினால் தீர்ந்தது, நிரலில் ஒரே வரி வேலை. புள்ளி எண்ணில் தமிழெழுத்தே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கோப்பின் எழுத்துக் குறிமுறை எப்போதும் யூடிஎஃப்-8. சிஎஸ்வி பட்டியலை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியும், அப்படியே சேமித்தால் போயே போய்விடும். தரவு இறக்கும் வழியில் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த குறிப்பு வந்தால் மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படியுங்கள். தமிழே காட்டாத பழைய கைக்கருவி வைத்திருப்பவர்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த இன்னொரு ஜிபிஎக்ஸ் தேவைப்படும். அதைத் தனியாகத் தட்டச்சு செய்யாதீர்கள், ஒரே பட்டியலில் இன்னொரு கட்டமாக வைத்து இரண்டு கோப்பையும் அதிலிருந்தே எடுங்கள்.

வெளியிடுவது

தலைக்கோடு, மாற்றுக்கோடு, கிளைக்கோடு, புள்ளிகள் என்று நான்கு ஜிபிஎக்ஸ். இணையத்தில் காட்ட ஒரு ஜியோஜேசன். அச்சடிக்க ஒரு பக்கப் பட்டியல், ஏனென்றால் குழுவில் பாதிப் பேர் போனையே எடுக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிப்புத் தேதி. "புதியது", "இறுதி", "இறுதி-2" என்று பெயர் வைப்பவரைத் தேநீர் செலவுக்குப் பொறுப்பாக்குங்கள்.

யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இட்டேரிகளையும் கைபம்புகளையும் ஏற்றினால் எல்லா ஊர்க்காரருக்கும் பயன். ஆனால் அதில் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்யக் கூடியதைத்தான் ஏற்ற வேண்டும். நம் குழு மட்டும் நடக்கும் கோட்டை ஊரறிந்த வழி என்று போடக் கூடாது. கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்த எதையும் அதில் ஏற்றக் கூடாது, உரிமம் இடம் கொடுக்காது. கச்சாக் கோப்பு கைவசம் இருந்தால் எது நாம் நடந்து பதிந்தது என்று காட்ட முடியும்.

தெரியாதவரை விட்டு நடக்கச் சொல்லுங்கள்

வெளியிடும் முன் ஒரு சோதனை. வழி தெரியாத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, விடிகாலை 4 மணிக்கு ஏதாவது ஒரு பகுதியில் விட்டு, பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் வாருங்கள். எங்கள் சோதனைக்கு வந்தவர் கல்லூரியில் படிக்கும் பையன், என் சித்தப்பா மகன். முத்தூர் தாண்டி ஓரிடத்தில் இரண்டு இட்டேரி பக்கம் பக்கமாகப் பிரிகின்றன, நடுவில் இருபதடிதான் இடைவெளி. கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் போனின் பிழைக்குள்ளேயே இரண்டு தடமும் அடங்கிவிட்டதால் அவன் தவறானதில் 400 மீட்டர் போன பிறகுதான் திரையில் விலகல் தெரிந்தது. "ஏண்ணா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான். அன்றைக்கு எங்கள் தாளில் ஒரு விதி கூடியது: தடங்கள் 15 மீட்டருக்குள் பிரியும் இடத்தில் கோட்டை நம்பக் கூடாது, "திருப்பம்" புள்ளி கட்டாயம், குறிப்பில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று. அந்த இடத்துக்கு "வலது தடம், மின்கம்பம் இருக்கும் பக்கம்" என்று போட்டோம்.

வருஷத்துக்கு இரண்டு முறை பட்டியலைத் திறந்தால் போதும், தைப்பூசத்துக்கு முன்னால் ஒன்று, பங்குனி உத்திரம் முடிந்து வந்ததும் ஒன்று. இரண்டு வருஷமாக யாரும் பார்க்காத புள்ளியின் நிலையைக் காலியாக்கிவிடுவோம், "உண்டு" என்று பழைய தைரியத்தில் விட்டு வைப்பதில்லை. இந்த வருஷம் 1140 வறண்டுவிட்டது, கைப்பிடியையும் யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். அதை அழிக்கவில்லை. நிலை "இல்லை", தேதி போட்டாயிற்று. முந்நூறு மீட்டர் தாண்டிப் புதிதாக வைத்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்கு 1145 கொடுத்திருக்கிறோம். பழைய தாளை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கிறவர் அடுத்ததைத் தேடிப் போக வேண்டுமே.